முதல் தடவை லவ் கேக்: அம்மம்மாவின் "25 மஞ்சள் கரு" கணக்கு

குட்டிக்குசினி:

எல்லோருக்கும் வணக்கம். கேக் விசயத்தில் நான் புதுசு. வாழைப்பழக் கேக் ஒழுங்காக வரும், பெட்டி மாவில் பிரவுணி வரும், அவ்வளவுதான். இந்த நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) எங்கள் வீட்டு லவ் கேக்கை, அதாவது ரவையும் கஜுவும் போடும் இலங்கைக் கேக்கைச் செய்யலாம் என்று துணிந்து இறங்கியிருக்கிறேன். நான் இருப்பது கனடாவில் ஸ்காபரோவில், அம்மம்மா கொழும்பில் கொட்டாஞ்சேனையில். தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ரவை 1 இறாத்தல், பட்டர் 1 இறாத்தல், சீனி 2 இறாத்தல், கஜு (முந்திரிப் பருப்பு) 1 இறாத்தல், பூசணி தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணி) 1 இறாத்தல், மஞ்சள் கரு 25, வெள்ளைக் கரு "பாதிக்குக் கொஞ்சம் குறைய". பன்னீர் (றோஸ் வாட்டர்), தேன், ஏலம், கறுவா (பட்டை), சாதிக்காய், தேசிக்காய்த் தோல் எல்லாம் "பார்த்துப் போடு". பிறகு "மெல்லிய சூட்டில் வேகும் வரை" வைக்க வேண்டுமாம். எத்தனை பாகை என்று கேட்டால், "நாங்கள் எங்கே பாகை பார்த்தோம், தட்டை பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவோம்" என்கிறார்.

மஞ்சள் கரு 25 என்பது உண்மையாகவே 25 தானா? சீனியைப் பாதியாக்கலாமா? கோதுமை மா ஒரு கரண்டி கூட இல்லையே, அது எப்படிக் கேக் ஆகும்? இங்கே பூசணி தோசி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? முக்கியமாக, வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அன்ரி:

பிள்ளை, உங்கள் அம்மம்மா சரியான அளவுதான் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இதே கணக்கு, தோசி மட்டும் அரை இறாத்தல். ஆனால் முதல் தடவையே முழு அளவில் செய்யாதீர்கள். மூன்று கிலோவுக்கு மேல் கலவை வரும், உங்கள் வீட்டுப் பாத்திரமும் தாங்காது, கையும் தாங்காது. பாதி செய்யுங்கள்.

இறாத்தல் என்றால் 454 கிராம். ஆகவே பாதிக்கு ரவை 225 கிராம், பட்டர் 225, கஜு 225, சீனி 450, தோசி 225. பத்து அங்குலச் சதுரத் தட்டு சரியாக இருக்கும். லவ் கேக் உயரமாக எழும்புகிற சாமான் இல்லை. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதும்.

முட்டைக்கு வருவோம். அந்த 25 நாட்டுக்கோழி முட்டைக் கணக்கு. அந்தக் காலத்து முட்டை சின்னது, மஞ்சளும் சின்னது. கனடாவில் நீங்கள் வாங்கும் பெரிய முட்டையில் மஞ்சள் கரு மட்டும் கிட்டத்தட்ட 18 கிராம் இருக்கும். பாதி அளவுக்கு 10 மஞ்சள் கரு தாராளமாகப் போதும். 12 போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, கேக் இன்னும் கொஞ்சம் கனதியாக வரும். வெள்ளைக் கரு 5.

பன்னீர் 2 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, ஏலப்பொடி 1 தேக்கரண்டி, கறுவாப்பொடி அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் துருவி அரைத் தேக்கரண்டி. அங்கே கடையில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் கசியா பட்டை. அது காரமாக முன்னுக்கு நிற்கும். இலங்கைக் கறுவா கிடைத்தால் அதையே போடுங்கள், இல்லாவிட்டால் அளவைக் குறையுங்கள்.

சந்தேகப்பிராணி:

நேரடியாகவே கேட்கிறேன். ஒரு டசின் முட்டை, கால் கிலோ கஜு, ஒரு நாள் வேலை. ஸ்காபரோவில் ஆள் வைத்துச் செய்து விற்கிறார்களே, ஒரு பெட்டி வாங்கினால் முடிந்தது. புதுசாகப் பழகுகிறவர் பட்டர் கேக்கில் தொடங்கலாமே. இவ்வளவு விலை கூடிய சாமானில் கை பழகுவது சரிதானா?

கொட்டாஞ்சேனை அன்ரி:

தம்பி, விற்கிற லவ் கேக்கில் பாதிக்கு மேல் கஜுவைக் குறைத்து ரவையைக் கூட்டியது. விலைக்கு விற்பவர்களையும் குறை சொல்ல முடியாது, கஜு விற்கிற விலை அப்படி. ஆனால் வாயில் வைத்தால் ரவைக் கேசரி காய்ந்த மாதிரி இருக்கும். தேடி ஒரு நல்ல கை கிடைத்தால் வாங்கலாம்.

கை பழகாதவருக்கு லவ் கேக் தான் வசதி என்பது என் அபிப்பிராயம். பட்டர் கேக்கில் மாவைக் கூடக் கிளறினால் இறுகும், பேக்கிங் பவுடர் பழசானால் எழும்பாது, ஓவனை இடையில் திறந்தால் நடுவே இறங்கும். இதில் மாவே இல்லை, ஆகவே கிளறி இறுகுமே என்ற பயமும் இல்லை. சூடு ஒன்றுதான் பொல்லாதது.

போறணைக்காரன்:

அன்ரி சொன்ன அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முன்பு பேக்கரியில் வேலை செய்தவன், அதனால் குட்டிக்குசினியின் அம்மம்மா சொன்ன "பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவோம்" என்ற வார்த்தையை விளக்குகிறேன்.

விறகுப் போறணையில், அதாவது பேக்கரியின் செங்கல் அடுப்பில், முதலில் உள்ளேயே நெருப்பு எரித்துச் செங்கல்லைச் சூடாக்குவோம். பிறகு தணலை வாரி எடுத்துவிட்டுப் பாண் போடுவோம். பாண் வெந்து இறங்கிய பிறகும் கல்லில் சூடு மணிக்கணக்காக இருக்கும், ஆனால் குறைந்துகொண்டே போகும். அந்த இறங்கு சூட்டில்தான் நத்தார் காலத்தில் ஊரார் கொண்டுவரும் கேக் தட்டுகளைத் தள்ளுவது. தட்டில் பெயர் எழுதிய கடதாசித் துண்டு ஒட்டியிருக்கும். பின்னேரம் வந்து எடுத்துப் போவார்கள். எந்த வீட்டுத் தட்டில் கஜு குறைவு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அது வேறு கதை.

ஆக, உங்கள் குடும்பச் செய்முறையில் பாதி அம்மம்மாவிடம் இருக்கிறது, மறு பாதி அந்தப் பேக்கரிக்காரனிடம் இருந்தது. அவர் பாகை சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை. அந்த வேலை அவருடையதாகவே இருக்கவில்லை.

வீட்டு ஓவன் எதிர்மாதிரி. ஒரே சூட்டில் நிற்கிறது என்று முகப்பில் காட்டும், உள்ளே கம்பி எரிவதும் அணைவதுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 150 பாகை செல்சியஸ் என்று வைத்தால் உள்ளே 170 கூட இருக்கலாம். முதலில் ஓர் ஓவன் வெப்பமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. அதை நடுத்தட்டில் வைத்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுத்தான் முட்டையை உடைக்க வேண்டும். உண்மையான 150 பாகையில் தொடங்குங்கள். முக்கால் மணித்தியாலத்தில் மேல்பக்கம் பொன்னிறமானதும் 135க்கு இறக்குங்கள். மேலே வெள்ளித்தாளைத் தொடாமல் கூடாரமாக மூடிவிடுங்கள். மொத்தம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் முடியும். கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் சுடுநீர் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் காயாது.

லண்டன் மாமி:

விசிறி உள்ள ஓவன் என்றால் மேலே சொன்னதில் 20 பாகை குறைத்துக்கொள்ளுங்கள். என் மகளுடைய ஓவனில் விசிறியை அணைக்கவே முடியாது, 130இல் தொடங்கி 115க்கு இறக்குகிறோம்.

தட்டில் கடதாசி போடுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? எங்கள் அம்மா அடியில் பத்திரிகைத் தாள் நாலைந்து மடிப்பு, அதன் மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர் இரண்டு மடிப்பு போடுவா. தேன், சீனி, மஞ்சள் கரு எல்லாம் சேர்ந்த கலவை, தகரத்தில் நேரே பட்டால் அடி கருகிவிடும். பத்திரிகை மை உணவில் படுவது எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போது பிரவுண் பேப்பர். விளிம்புக்கு மேலே கடதாசி நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். விசிறிக் காற்றில் மடங்கிக் கம்பியில் பட்டால் ஆபத்து. ஓரத்தோடு வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பன்னீர் வேறு, றோஸ் எசன்ஸ் வேறு. பன்னீர் மேசைக்கரண்டிக் கணக்கு. எசன்ஸ் சொட்டுக் கணக்கு, இரண்டு மூன்று சொட்டு. போத்தலைப் பார்க்காமல் எசன்ஸை மேசைக்கரண்டியால் ஊற்றினால் சவர்க்காரம் சாப்பிடுவதாகத்தான் முடியும். புதியவர்கள் கேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பறங்கித்தெரு:

மா இல்லாமல் எப்படிக் கேக் ஆகும் என்று கேட்டிருந்தார். கேக்கைத் தாங்கிப் பிடிப்பது முட்டையும் ரவையும். மஞ்சள் கரு 65 முதல் 70 பாகையில் இறுகும், ரவை ஈரத்தை இழுத்து ஊதும். அதனால்தான் ரவையைப் பட்டரோடு முதல் நாளே பிசைந்து வைப்பது. அவசரத்தில் நேரே போட்டால் கடிபடும்.

நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கத்துப் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்கள்) வீடுகளில் இது கல்யாணத்துக்கும் உண்டு, நத்தாருக்கும் உண்டு. போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. ஆட்சி போனாலும் மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் அடுப்பில் இந்தக் கேக்கும் இருக்கிறது.

ஆனால் இதைச் சுத்தப் போர்த்துக்கேயக் கேக் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மஞ்சள் கருவை அள்ளிப் போடுவது போர்த்துக்கல் பழக்கம்தான். அங்கே கன்னியர் மடத்து இனிப்புகள் பாதி மஞ்சள் கருவில்தான் நிற்கின்றன. கஜு மரம் அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. ரவையும் பன்னீரும் சேரும் இடத்தில் அரபுப் பக்கத்துக் கை தெரிகிறது. ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் இந்தக் கடல் வியாபாரத்தின் சரக்கு. நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சும் தோசி நம் மண்ணுடையது. லிஸ்பனில் தேடினால் இந்தக் கேக் இந்த உருவில் கிடைக்காது.

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த பிறகு பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியா போனார்கள். மெல்பேணில் நல்ல லவ் கேக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

ஒரு சின்னக் கலகம் செய்துவிட்டுப் போகிறேன்: பட்டரே போடாத வீடுகளும் உண்டு. மஞ்சள் கருவின் கொழுப்பும் கஜுவின் எண்ணெயுமே போதும் என்பார்கள். அந்தக் கேக் கொஞ்சம் இழுவையாக, தொதல் (அல்வா மாதிரி இனிப்பு) பக்கமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை அன்ரி:

பட்டர் இல்லாத லவ் கேக்கா! மட்டக்களப்பில் என்னவும் நடக்கும்.

பறங்கித்தெரு:

அன்ரி, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

சந்தேகப்பிராணி:

சீனிக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 225 கிராம் ரவைக்கு 450 கிராம் சீனி, தோசியில் வேறு சீனி, தேன் வேறு. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நீரிழிவு. பாதியாக்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

போறணைக்காரன்:

குறைந்துவிடும். சீனி இனிப்புக்கு மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இந்தக் கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். முட்டை சட்டென்று இறுகாமல் மெல்ல இறுகவும், மேலே அந்தப் பொருபொருப்பான தோல் வரவும் சீனிதான் காரணம். குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே இரண்டு மூன்று வாரம் பழுதாகாமல் இருப்பதும் சீனியால். பாதியாக்கினால் வெட்டும்போது உதிரும், நாலாம் நாள் காய்ந்துபோகும்.

450ஐ 375 வரை இறக்கிப் பார்க்கலாம். கனடாவில் வெளியே குளிர், வீட்டுக்குள் ஹீட்டர் காற்று, அதற்குள் 375க்குக் கீழே போக வேண்டாம் என்பேன். நீரிழிவுக்காரருக்குச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். இது எப்படியும் ஓர் அங்குலச் சதுரமாக வெட்டிப் பரிமாறுகிற கேக், தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுவதில்லை.

பேக்கிங் பவுடர் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தேவையில்லை. சிலர் கால் தேக்கரண்டி போடுகிறார்கள். போட்டால் எழும்பும், பிறகு நடுவில் குழியாகும். அடித்த வெள்ளைக் கருவே போதும்.

முத்துநகர்:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன், லவ் கேக் நான் சாப்பிட்டதில்லை. ஆனால் மஞ்சள் கருவுக்காக முட்டை உடைக்கும் ஊரைப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றும்: மிச்ச வெள்ளைக் கருவை என்ன செய்கிறீர்கள்? பத்து மஞ்சள் கரு எடுத்து ஐந்து வெள்ளைக் கரு போட்டால் ஐந்து மிச்சம். முந்திரியும் வீட்டில் இருக்கிறது. அப்படியானால் மக்ரூன் போட்டுவிடுங்கள். எங்கள் ஊர் மக்ரூனில் வெள்ளைக் கரு, சீனி, முந்திரிப் பொடி, இந்த மூன்றும்தான்.

இரண்டு வெள்ளைக் கருவுக்கு 100 கிராம் சீனி, 100 கிராம் முந்திரி என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, பொடித்த சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் முந்திரிப் பொடியை மெதுவாகக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிய வேண்டும். 110 முதல் 120 டிகிரி, ஒரு மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். அது வேகிற பண்டம் கிடையாது, காய்கிற பண்டம். முந்திரியை மிக்சியில் ஒரே ஓட்டாக ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். விட்டு விட்டு ஓட்டுங்கள். மழை நாளில் செய்தால் நமுத்துப் போகும், கனடாவில் குளிர்காலத்தில் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன்.

குட்டிக்குசினி:

முத்துநகர், மிக்க நன்றி! நான் அந்த வெள்ளைக் கருவை ஒம்லெட் போடலாம் என்றுதான் இருந்தேன்.

அன்ரி, கஜுவை லவ் கேக்குக்கும் மிக்சியில் போடலாமா? எவ்வளவு பொடியாக வேண்டும்? பிறகு எந்த வரிசையில் கலப்பது என்பதையும் ஒரு தடவை எழுதுவீர்களா? அம்மம்மா சொல்லும்போது "எல்லாவற்றையும் போட்டு அடி" என்று ஒரே வசனத்தில் முடிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை அன்ரி:

கஜுவை மிக்சியில் போடாதீர்கள், பிள்ளை. கத்தியால் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும், பாசிப்பயறு அளவு. ஒருசில துண்டு பெரிதாக இருந்தால் நல்லதுதான், கடிபட வேண்டும். வறுக்க வேண்டாம். முழுக் கஜு வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், உடைந்த கஜு மலிவு. நாங்கள் கண்டி வீதியால் வரும்போது கஜுகமவில் நிறுத்தி வாங்குவோம். அங்கேயும் உடைந்ததைத்தான் கேட்டு வாங்குவது.

வரிசை இதுதான். முதல் நாள் இரவு ரவையை மெல்லிய நெருப்பில் நிறம் மாறாமல் சூடு காட்டி எடுங்கள். பச்சை வாசம் போனால் போதும். இளஞ்சூடாக இருக்கும்போதே பட்டரைப் போட்டுப் பிசைந்து மூடி வையுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வேண்டாம். அதேபோல் நறுக்கிய கஜு, தோசி, தேசிக்காய்த் தோல், வாசனைப் பொடிகள், பன்னீர், தேன் எல்லாவற்றையும் வேறு கிண்ணத்தில் ஒன்றாக ஊறவிடுங்கள். பிராண்டி போடுகிற வீடென்றால் ஒரு மேசைக்கரண்டி அதிலேயே.

அடுத்த நாள் மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறித் தடிக்கும் வரை அடிக்க வேண்டும். பீட்டரில் பத்து நிமிடமாவது ஆகும். விரலால் தொட்டுப் பார்த்தால் சீனி நறநறப்பு பெருமளவு போயிருக்க வேண்டும். அதில் ரவைக் கலவையைப் பகுதி பகுதியாகச் சேர்த்து அடியுங்கள். பிறகு பீட்டரை ஒதுக்கிவிட்டு அகப்பையால் கஜுக் கலவையைக் கலவுங்கள். கடைசியில் வெள்ளைக் கருவை வேறாக நுரைத்துவர அடித்து, மூன்று தரமாகப் போட்டு மெதுவாகப் புரட்ட வேண்டும். வெள்ளைக் கருப் பாத்திரத்தில் ஒரு சொட்டு மஞ்சளோ எண்ணெயோ இருந்தால் சரியாக நுரைக்காது. அதனால் ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு கோப்பைக்குள் பிரித்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

கலவை கேக் மாவை விடத் தண்ணீராக இருக்கிறதே என்று பயந்து ரவையைக் கூட்டிவிடாதீர்கள். அது அப்படித்தான் இருக்கும்.

லண்டன் மாமி:

அன்ரியின் முறையில் ஒரு மாற்றம். மஞ்சள் கருவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடு அடித்தால், பட்டர்-ரவை போட்டதும் கட்டி கட்டியாகும். முட்டை குளிராக இருக்கும்போது பிரிப்பது சுலபம், ஆகவே பிரித்துவிட்டு ஒரு மணித்தியாலம் வெளியே வைத்து அடியுங்கள். கொழும்பு வெக்கையில் இதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை, இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது.

வன்னிப்பிள்ளை:

குறுக்கே ஒரு வார்த்தை. ஓவனே இல்லாதவர்கள் வாசித்துக்கொண்டிருந்தால் மனம் விட வேண்டாம். தடித்த அலுமினியத் தாச்சிக்குள் மணல் பரப்பி, அதன் மேல் தட்டை வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போட்டு நாங்கள் செய்வோம். கீழே நெருப்பு கொஞ்சமாகவும் மேலே கூடவும் இருக்க வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நேரம், காஸ் சிலிண்டருக்கும் வரிசை. அப்போது ஓவன் வைத்திருந்த அயலவர்களும் வந்து இந்த முறையைக் கேட்டுப் போனார்கள்.

குட்டிக்குசினி:

செய்துவிட்டேன்! பாதி அளவு, சீனி 400 கிராம், மஞ்சள் கரு 11 (ஒரு முட்டை உடைக்கும்போதே கலங்கிவிட்டது). தோசி இலங்கைக் கடையில் கிடைத்தது, கடைசிப் பெட்டி. போறணைக்காரன் சொன்னது நல்லதாகப் போயிற்று. வெப்பமானியில் பார்த்தால் என் ஓவன் 150 என்று காட்டும்போது உள்ளே 168. அதைக் கணக்கில் எடுத்துக் குறைத்து வைத்தேன்.

ஒன்றேகால் மணித்தியாலம் முடிந்தது. மேலே நல்ல நிறம், தோல் அங்கங்கே மெல்லியதாக வெடித்திருக்கிறது. ஆனால் நடுவில் குச்சி குத்தினால் ஈரமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தட்டை அசைத்தால் நடு மெல்ல ஆடுகிற மாதிரியும் இருக்கிறது, ஆடாத மாதிரியும் இருக்கிறது. இப்போது ஓவனுக்குள்ளேயே இருக்கிறது, சூட்டை 120க்கு இறக்கி வைத்திருக்கிறேன். எடுக்கவா, விடவா? யாராவது இருக்கிறீர்களா?

போறணைக்காரன்:

குச்சியை எறியுங்கள். குச்சி சுத்தமாக வர வேண்டும் என்பது பட்டர் கேக்குக்கான சட்டம். லவ் கேக்கில் சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது என்னவென்றால், ஒட்டியிருப்பது பால் மாதிரித் தண்ணீராக வழிகிறதா, ரவை தெரியும் களியாக இருக்கிறதா? வழிந்தால் இன்னும் பத்து நிமிடம். களியாக இருந்தால் ஓவனை அணைத்துவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து அப்படியே விடுங்கள். இறங்கு சூடு என்று முன்பு சொன்னேனே, அதுதான் இது.

சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். 80 பாகையைத் தாண்டியிருந்தால் முட்டை பற்றிய பயம் வேண்டாம்.

குட்டிக்குசினி:

களிதான். 84 காட்டுகிறது. அணைத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை அன்ரி:

நல்லது. இப்போது ஒருவரையும் கிட்ட விடாதீர்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியில் இழுபடும், வேகவில்லை என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள். தட்டிலேயே ஆறட்டும், நாளைக்கு வெட்டுங்கள். ஈரத் துணியில் கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத பேணியில் அடுக்கி வைத்தால் வாசனை கலந்து வரும். மூன்றாம் நாள்தான் அதன் சுவை தெரியும்.

சந்தேகப்பிராணி:

மூன்றாம் நாள் வரைக்கும் மிஞ்சுமா என்பதுதான் என் சந்தேகம்.

குட்டிக்குசினி:

வெட்டிவிட்டேன். ஓரம் கொஞ்சம் கடினம், நடுத்துண்டு சரியாக அம்மம்மா வீட்டு மாதிரி ஈரமாக இருக்கிறது. வாசனையில் ஏதோ குறைவு. வீடியோ அழைப்பில் அம்மம்மாவுக்குக் காட்டினேன். "நிறம் சரி, சாதிக்காய் காணாதே" என்கிறார். திரையில் பார்த்து எப்படிச் சாதிக்காயைக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "நீ முழுக்காய் வாங்கித் துருவியிருக்க மாட்டாய்" என்றார். உண்மைதான், பொடிப் போத்தல். மக்ரூன் நாளைக்கு.

நத்தாருக்கு முன் முழு அளவில் ஒரு தடவை செய்ய வேண்டும். கடையில் தோசி முடிந்துவிட்டது, அடுத்த கப்பல் ஜனவரி என்கிறார்கள். வேறு என்ன போடலாம்? வீட்டிலேயே காய்ச்சலாமா?

பறங்கித்தெரு:

காய்ச்சலாம். நீற்றுப்பூசணியை விதையும் பஞ்சும் நீக்கிக் கட்டியாக வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்தி, கண்ணாடியாகும் வரை அவித்து வடித்து, நிறைக்குச் சம அளவு சீனிப்பாகில் பாகு வற்றும் வரை மெல்லிய நெருப்பில் விட வேண்டும். ஒரு மாலை முழுக்கப் போகும். சீனக் கடைகளில் நீற்றுப்பூசணி துண்டாக வெட்டி விற்பார்கள், முழுக்காய் வாங்கித் தூக்க வேண்டியதில்லை.

லண்டன் மாமி:

அவ்வளவு பாடு வேண்டாம். இந்தியக் கடையில் ஆக்ரா பேட்டா கேளுங்கள். அதுவும் நீற்றுப்பூசணியைப் பாகில் போட்டதுதான், ஆனால் தோசியை விடக் காய்ந்தது. மேலே படிந்திருக்கும் சீனியை ஒரு தடவை தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, பொடியாக வெட்டிப் பன்னீரில் ஊறவிடுங்கள். கலவைச் சீனியில் ஒரு 50 கிராம் குறைத்துக்கொள்ளலாம்.

குட்டிக்குசினி:

இங்கே கடையில் இரண்டு வகை பேட்டா இருக்கிறது. வெள்ளைக் கட்டி ஒன்று, மஞ்சளாகச் சின்ன உருண்டை ஒன்று. எதை எடுப்பது?

லண்டன் மாமி:

வெள்ளைதான். மஞ்சளில் குங்குமப்பூ வாசனை சேர்த்திருப்பார்கள், பன்னீரோடு சண்டை பிடிக்கும். டின்னில் பாகோடு வருவதையும் விடுங்கள், காய்ந்த பெட்டியை எடுங்கள்.